எலிசபெத் பாக்கார்டு அம்மையார்

சித்தசுவாதீனம் இழந்தோரை அவர்தம் இசைவின்றியே காவலில் வைத்துச் சிகிச்சை செய்தல் சில வேளைகளில் இன்றியமையாததாகின்றது. எனினும், ஒருவர் அறிவு திரிந்தவர் என்று முடிவு செய்பவர் யார்? தம் நியாயத்தை எடுத்துரைக்க அவருக்கு இடம் உண்டா? இவ்வினாக்களை அமெரிக்க தேசத்தார் செவியிற் படுமாறு எழுப்பிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எலிசபெத் 1816-ம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் ஒரு போதகரின் புதல்வியாகப் பிறந்தார். 1839-ல் தியாபிலஸ் பாக்கார்டு என்னும் போதகரை மணந்து, மக்கள் அறுவரைப் பெற்றார். பின்னர் இக்குடும்பம் இல்லினாய் மாகாணத்து மாண்டீனோ என்னும் ஊரிற் குடியேறிற்று. கணவரோ கால்வின் கொள்கையிற் சிறிதும் நெகிழாதவர். மனைவியாரோ வேதபாட வகுப்பிலும் தம் மாறுபட்ட கருத்துக்களைத் தயங்காது வெளியிட்டவர். இதுவே பூசலுக்கு வித்தாயிற்று.

பிறரைச் சித்தப்பிரமை வைத்தியசாலையில் அடைப்பதற்கு வேண்டப்பட்ட சாட்சியம், மணமான மாதர் திறத்தில் அக்காலத்து இல்லினாய்ச் சட்டத்தால் வேண்டப்படவில்லை. கணவன் விண்ணப்பமும் வைத்தியசாலைத் தலைவரின் சம்மதமுமே போதுமாயிருந்தன. 1860-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மையார் ஜாக்சன்வில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். மூன்றாண்டு அடைபட்டுக் கிடந்தும் தம் கொள்கையை விட்டாரல்லர். கண்டவற்றையெல்லாம் மறைவாக எழுதி வைத்தார்.

1863-ல், தீராத நோயினர் எனக் கூறி அவரை வெளியே விடுத்தனர். வீடு திரும்பியவரைக் கணவர் ஓர் அறையிற் பூட்டிச் சாளரங்களையும் ஆணியறைந்து அடைத்தார். அம்மையார் சாளரத்தின் வழியே புறத்தே விட்ட கடிதமொன்று நண்பர் கைக்கு எட்டி, நீதிபதியிடம் முறையீடாகச் சென்றது. மனைவியை வைத்தியசாலையில் அடைக்கக் கணவனுக்கு இடங்கொடுத்த சட்டம், இல்லத்தில் அடைக்க இடங்கொடுக்கவில்லை! விந்தையான இவ்வேறுபாடே அவருக்கு உய்தி அளித்தது. 1864 ஜனவரியில் நடந்த விசாரணையில், ஜூரிமார் ஏழே நிமிஷத்தில் அவர் சித்தசுவாதீனம் உடையவர் எனத் தீர்ப்பளித்தனர். ஆயினும் வீடு சென்றபோது அங்கே அயலார் குடியிருந்தனர். கணவர் பிள்ளைகளுடன் மாசச்சூசெட்ஸுக்குப் போய்விட்டார்.

அம்மையார் மனம் தளர்ந்தாரல்லர். நூல்கள் எழுதித் தாமே விற்றுச் சீவித்துக்கொண்டு, சட்டசபையாரிடம் மன்றாடினார். 1867-ல் இல்லினாய் மாகாணம், ஜூரி விசாரணையின்றி எவரையும் பித்தரென அடைத்தலாகாது என்று சட்டம் இயற்றிற்று. 1869-ல் தம் இளம் பிள்ளைகளை மீண்டும் அடைந்தார். 1872-ல் அயோவா மாகாணம் நோயாளிகள் கடிதம் எழுதும் உரிமையைச் சட்டத்தாற் காத்தது. ஒரு கடிதத்தால் விடுதலை பெற்றவர், பிறர் கடிதங்களுக்கும் வழி திறந்துவிட்டார். 1897-ல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நோயாளரைப் பலர் முன்னிலையில் நிறுத்துவது அவருக்கு நாணமும் சிகிச்சைக்குத் தாமதமும் விளைக்கும் என்று மருத்துவர் பலர் ஆட்சேபித்தனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. விசாரணையின் முறை காலத்திற்கேற்ப மாறலாம். விசாரணையே வேண்டாம் என்பது மட்டும் பொருந்தாது. பிணி தீர்க்க மருந்து வேண்டும். பிணியுற்றார் எனப்படுவோரின் சொல்லைக் கேட்கச் செவியும் வேண்டும். மருத்துவமும் சட்டமும் பயிலப் போகும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.