தங்கைக்காக எழுந்த ஆஸ்பத்திரி

திண்டிவனத்தில் பஸ் ஏறி, வாயில் ஆறாத புண்ணோடு அடையாறுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். விழுப்புரத்துக்காரர்களும் அப்படித்தான். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரி வரக் காரணமாக இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மன்னர் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1923-ல் தங்கை சுந்தராம்மாள் புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை! அந்தத் துயரம் அவரை விடவே இல்லை.

புற்று வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பதவியில் இருந்தவர்களே கேட்டார்கள். அம்மையார் அசரவில்லை. வீடு வீடாக நன்கொடை கேட்டார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் இரவு பகலாக உழைத்தார்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் பக்கத்தில் வாய்ப் புற்று அதிகம். முற்றிய வாய்ப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சையோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்போது ரத்தமும் துப்புச் சொல்கிறது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் கூடி, லிம்போசைட் குறைந்தால் வாய், தொண்டைப் புற்று கடுமையாகலாம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. நோயை உறுதி செய்யச் சிறிது சதை எடுத்துத்தான் சோதிக்கிறார்கள்.

அம்மையார் 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார். 12 படுக்கைகள் பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின.