தலையில் ஷூ, கழுத்தில் கம்பளி 'போ': ஃபேஷனை விளையாட்டாக்கிய எல்சா ஸ்கியாபரெல்லி யார்?

2023 ஜனவரி. பாரிஸ் ஃபேஷன் வாரத்துக்குக் கைலி ஜென்னர் கறுப்பு கவுனில் வந்து இறங்கினார். தோளில் நிஜ சைஸில் ஒரு சிங்கத் தலை! ஃபோம், ரெசின், கம்பளி, பட்டு எல்லாம் சேர்த்துக் கையால் செய்த பொம்மைத் தலைதான். ஆனாலும் அன்றைக்கு இன்ஸ்டா முழுக்க அந்தச் சிங்கம்தான் ஓடியது. இது வேட்டைக்குக் கொடி பிடிப்பது போல இருக்கிறது என்று திட்டியவர்களும் உண்டு.

அந்த கவுனின் லேபிளில் இருந்த பெயர், ஸ்கியாபரெல்லி. பெயருக்குச் சொந்தக்காரரான எல்சா ஸ்கியாபரெல்லி 1973-லேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் அந்தச் சிங்கத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார். அவரே ஷூவைத் தொப்பியாக்கியவர். இன்று காஸ்பிளேக்காகக் குரோஷா ஊசியில் தவளைத் தொப்பியும் பூனைக்காதுக் குல்லாவும் பின்னுகிறவர்களுக்கு அவர் ஒரு வகையில் கொள்ளுப்பாட்டி.

முகத்தில் பூ வளர்க்க ஆசை

1890 செப்டம்பர் 10 அன்று ரோமில் பிறந்தார் எல்சா. படிப்பாளிகள் குடும்பம். அப்பா அரபு மொழி ஆய்வாளர். செவ்வாய்க் கிரகத்தில் கோடுகளைப் பார்த்ததாகச் சொல்லி உலகத்தையே பேசவைத்த வானியலாளர் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி, இவருக்குப் பெரியப்பா.

வீட்டில் அக்காதான் அழகி என்று பெயர். எல்சாவுக்கு அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பூ விதைகளை எடுத்துத் தன் வாயிலும் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொண்டார். செடி முளைத்துப் பூத்தால் முகம் அழகாகிவிடும் என்று கணக்கு! மூச்சுத் திணறி, டாக்டர் வந்து விதைகளை எடுக்கவேண்டியதாயிற்று. பின்னாளில் தன் சுயசரிதையில் அவரே எழுதிய கதை இது.

இளம்பெண்ணாக ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். அதன் காதல் வரிகளைப் பார்த்து மிரண்ட குடும்பம் அவரைக் கன்னிமாடத்துக்கு அனுப்பியது. சாப்பிடாமல் அடம்பிடித்து வெளியே வந்தார். பிறகு லண்டன் போனவர், அங்கே பிரம்மஞானம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிய ஒருவரை 1914-ல் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் நியூயார்க் போனார்கள். 1920-ல் மகள் பிறந்தாள். குழந்தையின் நீளமான பெயரில் 'ராதா' என்பதும் உண்டு. கூப்பிடும் பெயர் கோகோ.

கணவர் விட்டுப் போனார். குழந்தைக்கோ போலியோ. கையில் காசில்லை. இந்த நிலையில்தான் 1922-ல் குழந்தையோடு பாரிஸ் வந்து சேர்ந்தார். அப்போது வயது 31.

மூன்றாவது முயற்சியில் வந்த ஸ்வெட்டர்

தையல் கலையை எல்சா முறையாகக் கற்றவர் இல்லை. அவரிடம் இருந்தது ஐடியா மட்டும்தான். 1927 வாக்கில் ஒரு தோழி போட்டிருந்த சாதாரண ஸ்வெட்டர் அவர் கண்ணில் பட்டது. மற்ற ஸ்வெட்டர்கள் மாதிரி அது தொளதொளவென்று தொங்கவில்லை. விசாரித்தால், பாரிஸில் குடியேறிய ஓர் ஆர்மீனியப் பெண் பின்னியது என்று தெரிந்தது. அவர் பெயர் அரூசியாக் மிகேலியன்.

எல்சா அவரிடம் போய் ஒரு படம் வரைந்து காட்டினார். கறுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளையில் பெரிய 'போ' முடிச்சு. ஆனால் முடிச்சைத் தனியாகக் கட்டக்கூடாது. பின்னலுக்குள்ளேயே ஓவியம் மாதிரி வரவேண்டும். தூரத்தில் பார்ப்பவர் நிஜ முடிச்சு என்று ஏமாறவேண்டும்.

முதல் ஸ்வெட்டர் சரியாக வரவில்லை. இரண்டாவது பரவாயில்லை ரகம். மூன்றாவது அசத்தல்! அரூசியாக்கின் கைவேலையில் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு நிற நூல் முன்னால் தெரியும்போது இன்னொன்றைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டே போவார். அதனால் துணி கெட்டியாகி, இழுபடாமல் நின்றது.

அதைப் போட்டுக்கொண்டு எல்சா ஒரு விருந்துக்குப் போனார். பார்த்தவர்களுக்கெல்லாம் அதே ஸ்வெட்டர் வேண்டுமாம். அங்கேயே ஓர் அமெரிக்கக் கடைக்காக 40 ஸ்வெட்டர், 40 பாவாடை ஆர்டர் கிடைத்தது. கெடு இரண்டே வாரம். அரூசியாக் ஆர்மீனியப் பெண்களைத் தேடிப்பிடித்து வேலையை முடித்துக் கொடுத்தார். ஸ்கியாபரெல்லி என்ற பிராண்ட் எழுந்து நின்றது அந்தக் கைகளின் மேல்தான்.

கிறுக்குக் குல்லாவின் கதை

1930களின் தொடக்கத்தில் அடுத்த ஐடியா. குழாய் மாதிரி பின்னிய ஒரு சின்னக் குல்லா. அதற்கென்று சொந்த வடிவம் கிடையாது. மடித்தால் ஒரு தோற்றம், இழுத்து நிமிர்த்தினால் வேறொரு தோற்றம். பெயரே 'மேட் கேப்'; கிறுக்குக் குல்லா.

இது ஏன் சாத்தியமானது? இரண்டு ஊசியில் போடும் நிட்டிங் பின்னலில் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ரப்பர் மாதிரி இழுபடும். ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அங்கங்கே முடிந்துவிடுவதால், துணி விறைப்பாக நிற்கும். கொம்பு, காது, முண்டைக்கண் எல்லாம் வைத்த காஸ்பிளே தொப்பிகளுக்குக் குரோஷா தோதாக இருப்பதும், போடுகிறவர் இஷ்டத்துக்கு வளையும் குல்லாவுக்கு நிட்டிங் பொருந்தியதும் இதனால்தான்.

ஐனா கிளேர் என்ற அமெரிக்க நடிகை அந்தக் குல்லாவைப் போட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஓர் அமெரிக்கத் தயாரிப்பாளர் காப்பி அடித்துக் கோடிகளில் சம்பாதித்தார். எங்கு திரும்பினாலும் அதே குல்லா. கடைசியில் ஒருநாள் தள்ளுவண்டியில் போன கைக்குழந்தையின் தலையிலும் அதைப் பார்த்தார் எல்சா. உடனே கடைக்கு உத்தரவு போட்டார்: இருப்பில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், இனி விற்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம்.

இது பணக் கோபம் மட்டும் இல்லை. ஒவ்வொரு தலையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கவேண்டிய விளையாட்டுப் பொருள், எல்லார் தலையிலும் யூனிஃபார்ம் ஆகிவிட்டது. அவருக்கு அதில் சுவாரஸ்யம் போய்விட்டது. அதேசமயம், நம்மை யாரும் காப்பி அடிக்கவில்லை என்றால் நம்மிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பதும் அவருடைய கருத்துதான்.

இந்தச் சிக்கல் 80 ஆண்டு கழித்துத் தலைகீழாகத் திரும்பி வந்தது. 2002-ல் வந்த 'ஃபயர்ஃபிளை' தொடரில் ஜேன் காப் என்ற முரட்டுப் பாத்திரத்துக்கு அம்மா ஒரு ஆரஞ்சு-மஞ்சள் குல்லா பின்னி அனுப்புவார். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அதைக் கையால் பின்னிப் போட்டார்கள், விற்றார்கள். 2013-ல் அதைத் தயாரிக்கும் உரிமம் ஒரு நிறுவனத்துக்குப் போனதும், ஆன்லைனில் விற்ற பின்னல்காரர்களின் பக்கங்கள் நீக்கப்பட்டன. எல்சாவின் காலத்தில் கம்பெனி காப்பி அடித்தது. இங்கே தடுக்கப்பட்டது கையால் பின்னியவர்கள்.

ஷூ ஏறியது தலைக்கு

1935-ல் பாரிஸின் பிளாஸ் வாண்டோமில், 21-ம் எண் கட்டடத்தில் பெரிய கடை திறந்தார் எல்சா. அதே ஆண்டு, கபூர்தலா இளவரசியின் புடவைக் கட்டைப் பார்த்து, புடவைச் சாயலில் மாலை நேர உடைகள் செய்தார். மனைவியின் ஷூவைத் தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர் ஓவியர் சால்வதோர் தாலி. அவரோடு சேர்ந்து, 1937-38 குளிர்கால உடைகளோடு ஷூ தொப்பி வந்தது. கவிழ்த்த ஹை ஹீல்ஸ் வடிவத்தில் கறுப்பு ஃபெல்ட். ஒரு வகையில் குதிகால் மட்டும் பளிச் பிங்க். அந்த நிறத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஷாக்கிங்'. ஆட்டிறைச்சித் துண்டு வடிவத்தில்கூட ஒரு தொப்பி உண்டு. ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டுக்குப் படத்துக்கான உடைகள் தைத்ததும் இவர்தான்.

போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1941-ல் நியூயார்க் போனவர், போர் முடிந்து பாரிஸ் திரும்பியபோது ரசனை மாறியிருந்தது. 1947-ல் டியோரின் பூ மாதிரி விரியும் பாவாடைகள் ஊரையே இழுத்தன. பசியும் இழப்பும் பார்த்துவந்த பெண்களுக்கு ஷூ தொப்பி சிரிப்பு வரவைக்கவில்லை. 1954-ல் கடையை மூடினார். அதே ஆண்டுதான் போட்டியாளர் ஷனேல் மறுபடியும் களத்துக்கு வந்தார். 1973 நவம்பர் 13 அன்று பாரிஸில் தூக்கத்திலேயே காலமானார் எல்சா.

அவர் அழிக்கச் சொன்ன குல்லா போய்விட்டது. 'போ' ஸ்வெட்டர் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்னல் கணக்கும் கைமாறிக் கைமாறிப் புழக்கத்தில் இருக்கிறது. ஊசி பிடிக்கத் தெரிந்த யாரும் அதைப் பின்னிப் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு தடவை சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அரூசியாக்குக்கே மூன்றாவது தடவையில்தான் வந்தது.