கிண்டியில் சேர்ந்த இளம் தாய்

கெமாஸ் தோட்டப்புறத்திலிருந்து மின்பொறியியல் படிக்கப் போன எனக்கு, அ. லலிதாவின் வாழ்க்கை தனி ஈர்ப்பு. 1919இல் சென்னையில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவரை இழந்தபோது மகளுக்கு நான்கே மாதம்.

மருத்துவம் படிக்கலாம்தான். ஆனால், நள்ளிரவில் நோயாளி அழைத்தால் குழந்தையை யாரிடம் விடுவது? தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அவர் முயற்சியால் 1940இல் அங்கேயே மின்பொறியியலில் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. பிறகு தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் கட்டுமானப் பொறியியலுக்கு வந்தனர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு, பெண்பாற்சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம்!

ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் ஓராண்டுப் பயிற்சி. (இரயில் சந்திப்பு ஊர்க்காரனுக்கு இது கூடுதல் மகிழ்ச்சி.) சிம்லாவில் அரசு வேலை. பிறகு தந்தையின் ஆய்வுகளில் கைகொடுத்தார். புகையில்லா அடுப்பு அவற்றில் ஒன்று. ஆய்வில் மனம் இருந்தும் வருமானம் போதவில்லை. 1948இல் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்துத் தடங்களை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு.

1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குச் சேலை கட்டிப் போனார். 1979இல், 60 வயதில் காலமானார்.