சாப்பிட அரை மணி நேரம்தானா? - லன்ச் பிரேக்கில் தொடங்கி யூனியன் வரை... திரு.வி.க-வின் கதை!

காலை ஏழு மணிக்குக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் போனால், வேலைக்குக் கிளம்பும் கூட்டம் ரெண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் பீச் ட்ரெயினைப் பிடித்து தாம்பரம், கிண்டி என்று சிட்டிக்குள் போகும். இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் மறைமலை நகர், பரனூர் பக்கம் போகும். ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கழுத்தில் ஐ.டி. கார்டோடு நிற்பவர்கள் தனி.

இதில் கிண்டியில் இறங்குபவர்கள் பலர் வேலை பார்க்கும் இடத்தின் பெயர், திரு.வி.க. தொழிற்பேட்டை. அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலம் இருக்கிறது. பெரம்பூர் பக்கம் திரு.வி.க. நகர் இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்கு அவர் ஸ்கூல் தமிழ் புத்தகத்தில் வந்த 'தமிழ்த்தென்றல்', அவ்வளவுதான். ஒரு தமிழறிஞரின் பெயரை ஏன் ஒரு தொழிற்பேட்டைக்கு வைத்தார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

இப்போது கார்ப்பரேட் உலகத்தில் 'ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட்' என்ற வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் நிறுவன மேம்பாடு. மெஷின் மாறுது, வேலை மாறுது, ஏ.ஐ. வருது... ஒரு நிறுவனம் எப்படி மாறணும், அந்த மாற்றத்தில் வேலை செய்பவர்களுக்கு என்ன இடம் என்பதுதான் அதன் மையக் கேள்வி. இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே பெரம்பூர் மில் வாசலில் நின்று கேட்டவர் திரு.வி.க.

பரீட்சை எழுதாத பையன்

1883 ஆகஸ்ட் 26. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், போரூர் பக்கம் இருந்த துள்ளம் என்ற சின்ன கிராமத்தில் விருத்தாசலம் - சின்னம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் கல்யாணசுந்தரம். பூர்வீகம் திருவாரூர். ஊர் பெயரில் இருந்து 'திரு', அப்பா பெயரில் இருந்து 'வி', தன் பெயரில் இருந்து 'க'. இப்படித்தான் அவர் திரு.வி.க. ஆனார்.

குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்கு வந்தது. சிறுவயதிலேயே கைகால் முடங்கும் அளவுக்கு நோய் வந்து, படிப்பு சில வருடங்கள் நின்றுபோனது. தேறி வந்து வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே தமிழாசிரியர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை. பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். அந்த ஆசிரியர் ஒரு வழக்கில் கோர்ட்டுக்கு அலைந்தபோது, மாணவனும் துணைக்கு நின்றான். விளைவு, பள்ளி இறுதிப் பரீட்சை போச்சு. பிற்காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிய மனிதர், பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் இல்லாதவர்!

கொஞ்ச காலம் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. தேசிய இயக்க ஆர்வத்தால் அதில் நிலைக்கவில்லை. அப்புறம் ஆயிரம் விளக்கில் பள்ளி ஆசிரியர். பிறகு வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர். நிம்மதியான வேலை, ஊரில் மரியாதை. 1917 டிசம்பரில் அதையும் விட்டுவிட்டு 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் ஆனார். இன்றைக்கு நாம் 'கரியர் ஸ்விட்ச்' என்கிறோமே, அதை 34 வயதில், சேமிப்பு எதுவும் இல்லாமல் செய்தார்.

அந்தக் காலத்தில் அரசியல் மேடை என்றால் இங்கிலீஷ்தான். படித்தவர்கள் பேச, படித்தவர்கள் கேட்பார்கள். திரு.வி.க. தமிழில் பேசினார், தமிழில் தலையங்கம் எழுதினார். சின்னச் சின்ன வாக்கியம், யாருக்கும் புரியும் தமிழ். மில்லில் தறி ஓட்டுகிறவருக்கும் அரசியல் புரிய ஆரம்பித்தது. இதுதான் அவரை மில் வாசலுக்குக் கொண்டுபோனது.

துணிக்கடையில் பிறந்த யூனியன்

பெரம்பூர் வட்டாரத்தில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற ரெண்டு பெரிய துணி மில்கள். அன்றைய சட்டம் துணி மில்லில் ஓர் ஆணிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. மதியம் சாப்பிட அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, கேட் மூடுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். யோசிச்சுப் பாருங்க.

மில் பக்கத்தில் செல்வபதி செட்டியார் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய நண்பர் ராமானுஜுலு நாயுடு அரிசி வியாபாரி. இவர்கள் நடத்திய பக்தி சபைக்குப் பஜனையும் சொற்பொழிவும் கேட்கத் தொழிலாளர்கள் வருவார்கள். வந்தவர்கள் மில் கஷ்டத்தையும் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த சபைக்குப் பேச வந்தவர்களில் ஒருவர் திரு.வி.க. மேடை ஆன்மிகமாக இருந்தாலும், கேட்பவர்களின் பிரச்னை அரை மணி நேரச் சாப்பாடு என்பது அவருக்குப் புரிந்தது.

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுவது இதுதான். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கம் முதலில் கையில் எடுத்த விஷயங்களில் ஒன்று சாப்பாட்டு நேரம். அது 40 நிமிடம் ஆனது. பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்பதை அந்தப் பத்து நிமிடம்தான் அவர்களுக்குக் காட்டியது.

அதே 1918, வீட்டில் வேறு மாதிரி விடிந்தது. 1912-ல் திருமணம் செய்த மனைவி கமலாம்பிகை அந்த வருடம் செப்டம்பரில் இறந்தார். பிறந்த ரெண்டு குழந்தைகளும் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். திரு.வி.க-வுக்கு வயது 35. மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன்பிறகு அவருடைய நாள்கள் பத்திரிகை ஆபீசிலும், சங்கக் கூட்டங்களிலும், எழுத்திலும் கழிந்தன. 1920-ல் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கினார்.

ஜெயித்த கதை மட்டும் இல்லை

1920 கடைசியில் மில்லில் கதவடைப்பு வந்தது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டது, இடைக்காலத் தடையும் வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. யூனியன் வைப்பதே சட்டப்படி ஆபத்தா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 1921-ல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் இதை எழுப்ப, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இடையில் 1922-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. ஒரு மணி நேர ஓய்வும் வந்தது.

ஆனால் சட்டம் வருவதற்குள் பெரம்பூர் பட்ட பாடு பெரிது. 1921-ல் மீண்டும் வேலைநிறுத்தம். வாடியா இல்லாத நிலையில் சுமை திரு.வி.க. மாதிரியான சிலர் தோளில் விழுந்தது. கவர்னர் வெலிங்டன் அவரைக் கூப்பிட்டு, நாடு கடத்துவோம் என்று எச்சரித்தார். பிட்டி தியாகராயர் தலையிட்டதால் அது நடக்காமல் போனது. தியாகராயர் அரசியலில் எதிர்முகாம், நீதிக்கட்சித் தலைவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்மையான அடி வேறு இடத்தில் இருந்து வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் சேமிப்பும் இல்லை, பின்னால் நிற்க ஆளும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். சங்கத்தில் தங்களுக்குச் சம இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு முழுதாக வரவில்லை. புளியந்தோப்பில் சாதி மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

திரு.வி.க-வின் வாழ்க்கையில் இந்த இடத்தை யாரும் பூசி மெழுகக் கூடாது. எல்லோருக்குமான குரல் என்று சொல்லும் ஒரு சங்கத்துக்குள், சிலருடைய குரல் மட்டும் மெதுவாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1921 பெரம்பூர் ஒரு பாடம். முதலாளி பெரிய ஆள் என்பதால் மட்டும் அந்தச் சங்கம் தோற்கவில்லை. உள்ளே இருந்த விரிசலாலும் தோற்றது.

கம்பெனி போட்ட கமிட்டி

சங்கம் தளர்ந்த பிறகு, 1922-ல் பின்னி நிர்வாகமே மில்லுக்குள் தொழிலாளர் நலக் கமிட்டி ஒன்றை அமைத்தது. தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு. இந்தியாவில் இப்படித் தொடங்கிய ஆரம்பகாலக் கமிட்டிகளில் இதுவும் ஒன்று. இன்றைய மொழியில் சொன்னால், 'எம்ப்ளாயீ என்கேஜ்மென்ட்'.

நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கமிட்டியில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்வது யார்? கூலியைப் பற்றிக் கேட்டால் பதில் வருமா, இல்லை கேன்டீன் காபி பற்றி மட்டும்தான் பேசலாமா? நிர்வாகம் கொடுக்கும் காதுக்கும், தொழிலாளர் தாமே உருவாக்கிய வாய்க்கும் வித்தியாசம் இருக்கிறது. திரு.வி.க. கடைசிவரை நின்றது ரெண்டாவதின் பக்கம்.

நிறுவன மேம்பாட்டுத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கர்ட் லெவின். ஜெர்மனியில் இருந்து அமெரிக்கா போன உளவியலாளர். அவருடைய குழுவினர் 1940-களில் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற ஆடைத் தொழிற்சாலையில் ஆய்வு செய்தார்கள். வேலை முறையை மாற்றும்போது, 'இனிமேல் இப்படித்தான்' என்று மேலிருந்து சொன்ன பிரிவில் உற்பத்தி விழுந்தது, வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு. மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் சீக்கிரமே பழைய வேகத்தைப் பிடித்து, அதைத் தாண்டியும் போனார்கள். உலகம் முழுக்க மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் ஆய்வு இது. திரு.வி.க. ஆய்வு எதுவும் நடத்தவில்லை. ஆனால் இதையே அவர் மில் வாசலில் பார்த்திருந்தார்.

லெவின் இறந்தது 1947 பிப்ரவரியில். அதே வருடம் பின்னி மில்லில் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். ஒரு காலத்தில் திரு.வி.க. மேடை மேடையாக வளர்த்த கட்சி. 1925-ல் காஞ்சிபுரத்தில் அதன் மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். அந்த ஆட்சியே 60 வயதைத் தாண்டிய அவரை வீட்டுக்காவலில் வைத்தது. ஆள்பவர்கள் மாறினாலும் அவர் நின்ற பக்கம் மாறவில்லை.

கடைசிக் காலத்தில் கண்பார்வை போனது. அப்போதும் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுத, நூல்கள் வந்தன. 1953 செப்டம்பர் 17-ம் தேதி காலமானார். பின்னி மில்லும் 1996-ல் மூடப்பட்டது.

2020-களுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 2021 செப்டம்பரில், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. கூடுவாஞ்சேரி தொடங்கி செங்கல்பட்டு வரை அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டு லோன் போட்டிருந்த குடும்பங்களுக்கு, 'மாறும் வேலை உலகம்' என்பது செமினார் தலைப்பு இல்லை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியமான கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. 1918-ல் கேட்ட அதே கோரிக்கை! 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது.

சட்டமும் மாறியிருக்கிறது. பெரம்பூர் போராட்டத்தின் எதிரொலியாக வந்த 1926 சட்டம், இப்போது தொழில் உறவுச் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் - நிர்வாகக் கமிட்டி என்ற 1947-ம் வருடச் சட்டத்தின் ஏற்பாடு இதிலும் தொடர்கிறது. ஆப் மூலம் டெலிவரி செய்பவர்களும் முதல்முறையாக சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மில் வாசலும் இல்லை, பக்கத்தில் செல்வபதி செட்டியார் கடையும் இல்லை. மேனேஜரே ஒரு ஆப் என்றால், பத்து நிமிடம் அதிகம் வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கான பதில் எந்த ஆபீஸிலும் ரெடிமேடாக இல்லை. ஆனால் திரு.வி.க-வின் வாழ்க்கையில் இருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சின்னதாகத் தொடங்கலாம். பெரிய கொள்கையில் இல்லை, சாப்பாட்டு நேரத்தில்தான் தொடங்கியது.

ரெண்டாவது, எல்லோருக்கும் புரியும் மொழியில் பேச வேண்டும். உங்கள் கம்பெனியின் பாலிசி மெயில் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணாவுக்கும் புரியவில்லை என்றால், அது பாதிப் பேருக்கு அனுப்பாத மெயில்.

மூன்றாவது, பெரம்பூர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். அடுத்த முறை உங்கள் ஆபீஸில் ஃபீட்பேக் மீட்டிங் என்றால், அந்த ரூமில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கான்ட்ராக்ட் ஊழியர்களில், நைட் ஷிஃப்டில் இருப்பவர்களில், யாரைக் கூப்பிடவே இல்லை என்றும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.