ஜகதீச சந்திர போஸ்

கடலூர், சிதம்பரம் பக்கத்து வரப்புகளில் தொட்டாற்சிணுங்கியைத் தீண்டி யாம் பலகாலும் விளையாடியிருக்கிறோம். அஃது ஏன் கூம்புகின்றது என்று ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858-இல் வங்கத்திற் பிறந்தார். கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர் என்பதனால் அவருக்குக் குறைந்த சம்பளமே விதிக்கப்பட்டது. அதனை அவர் தொடாது, மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடஞ் சொன்னார். ஈற்றில் முழுச் சம்பளமும் நிலுவையுடன் கிடைத்தது. அதனைக்கொண்டு தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

கம்பியில்லா மின்னலைகளை ஆராயுங்கால், அலைகளை ஏற்குங் கருவி இடையறாது உழைத்தால் சோர்வதையும், ஓய்வுற்றபின் தெளிவதையும் கண்டார். தசையும் அங்ஙனமே சோர்வதன்றோ? இவ்வொப்புமையே அவரை உயிர்ப்பொருளின்பால் ஈர்த்தது. உலோகம், செடி, தசை மூன்றையும் மின்கருவியுடன் பிணைத்துச் சோதித்து, 1902-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடலியல் அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். உலோகத்தைப்பற்றிய அவருடைய முடிபுகள் இன்றும் அப்படியே கொள்ளப்படுவதில்லை. ஆயினும் செடியினுள் மின்குறிப்பு ஓடுகின்றது என்பது நிலைபெற்றுவிட்டது. 1917-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டுங் கருவியும் இயற்றினார். 1937-இல் கிரீதியில் காலமானார்.

உயிருடன் மின்கருவியைப் பிணைப்பதிலுள்ள இடர் அவரோடு ஒழிந்திலது. உலோகம் வன்மையானது, தசையும் மூளையும் மென்மையானவை. உலோகத்தில் எலெக்ட்ரான் ஓடும். உடலில் உப்புநீரின் அயனிகள் ஓடும். நெடுநாள் உள்ளிருக்கும் உலோகத்தைச் சுற்றி உடல் தழும்புத் திசுவை வளர்த்து, குறிப்பை மங்கச் செய்யும். 1977-இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமரில் அயோடினைச் சேர்த்து மின்சாரம் நன்கு பாயச் செய்தனர். 2000-இல் நோபெல் பரிசு பெற்றனர். இவ்வினத்துப் பாலிமர்கள் சில உலோகத்தினும் மென்மையானவை. அயனியையும் எலெக்ட்ரானையும் ஒருங்கே ஏற்பவை. ஆதலின் மின்முனைகளின்மேல் அவற்றைப் பூசி, நரம்பின் குறிப்பைத் தெளிவாகப் பெற இன்று முயல்கின்றனர்.

போஸ் இப்பாலிமர்களைக் கண்டாரல்லர். ஆயினும் பௌதிகமும் உயிர்நூலும் வெவ்வேறு அறைகளில் அடைபட்டிருந்த நாளில், இடைச்சுவரைத் தட்டியவர் அவர். பிழைபட்ட இடமுண்டு, அஞ்சிய இடமில்லை. மாணவ நண்பர்களே, அடுத்த முறை தொட்டாற்சிணுங்கியைத் தீண்டும்போது, கூம்பும் இலையைக் கண்டு நகைப்பதோடு நில்லாது, ஏன் என்று வினாவுவோமாக.