எய்ம்ஸ் கழகத்துக்கு வித்திட்ட ராஜகுமாரி அம்ருத் கௌர்

புதுதில்லி: நாட்டின் நானா பகுதிகளிலிருந்தும் வரும் நோயாளிகள் நாள்தோறும் வரிசையில் காத்து நிற்கும் எய்ம்ஸ், வெறும் மருத்துவமனையாக மட்டும் எண்ணித் தொடங்கப்பட்டதன்று. மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தருவதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. அந்நோக்கத்தைச் சட்டமாக்கி, கட்டடமாகவும் எழுப்பியவர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர்.

கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவருமான ராஜா சர் ஹர்னாம் சிங்கின் மகளாக 1887-இல் லக்னௌவில் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று திரும்பிய அவர், 1919-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். 1927-இல் அகில இந்திய மகளிர் மாநாடு தோன்றக் காரணமாக இருந்தவர்களுள் இவரும் ஒருவர். பின்னர் அரண்மனை வாழ்வைத் துறந்து சேவாகிராம ஆசிரமத்தில் தங்கி, காந்தியடிகளின் செயலராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார், சிறையும் சென்றார்.

1947-இல் நேருவின் அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் இவர்தாம். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, தேசிய அளவில் உயர் மருத்துவக் கல்வி மையம் ஒன்று தேவை என 1946-இல் பரிந்துரைத்திருந்தது. ஆனால், பிரிவினையால் நொந்திருந்த அரசிடம் அதற்குப் பணமில்லை. அந்நிலையில் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து வழங்கிய 10 லட்சம் பவுன் கை கொடுத்தது. 1952-இல் தில்லியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, ஸ்வீடன் முதலிய நாடுகளிடமும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடமும் உதவி பெற்றார். 1950-இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவராக, அப்பதவியை வகித்த முதல் பெண்ணாக, இவர் இருந்ததால் பன்னாட்டு அரங்கில் ஏற்பட்ட அறிமுகம் இதற்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கூட்டுறவை எல்லாரும் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. குழந்தைகள் நிதியம் ஆகியவற்றின் துணையுடன் நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை, சென்னை மாகாண முன்னாள் முதல்வர் ராஜாஜி 1955-இல் கடுமையாக எதிர்த்தார். அமைச்சர் பின்வாங்கவில்லை.

1956 பிப்ரவரியில் எய்ம்ஸ் மசோதாவை மக்களவையில் அவரே கொண்டுவந்தார். உயர் மருத்துவக் கல்விக்காக இந்திய இளைஞர்கள் கடல் கடக்க வேண்டிய நிலை மாற வேண்டும் என்பதே அவர் முன்வைத்த வாதம். கழகம் தன்னாட்சியுடன் இயங்க வேண்டும். ஆசிரியர்கள் தனியார் மருத்துவத் தொழிலை விட்டு முழு நேரமும் கற்பித்தலிலும் ஆய்விலும் ஈடுபட வேண்டும் என்றும் வகுத்தார். தனித்தொழிலில் பெரும்பொருள் ஈட்டக்கூடிய மருத்துவர்களிடம் இதைக் கேட்பது எளிதன்று. பி.பி. தீட்சித் முதல் இயக்குநரானார்.

அவருடைய நோக்கம் ஒரு பாதியே நிறைவேறியது எனலாம். 1989 முதல் 2000 வரை எய்ம்ஸில் பட்டம் பெற்றோரில் சுமார் 54 சதவீதத்தினர் வெளிநாடுகளில் வசிப்பதாக, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2008-இல் வெளியான ஆய்வு கூறியது. விருது பெற்ற மாணவர்களிடையே இந்த விகிதம் மேலும் மிகுதி. பிற நாடுகளின் பொருளைக் கொண்டு இந்தியாவுக்கென எழுப்பிய கழகம், பிற நாடுகளுக்கு மருத்துவர்களை அனுப்பும் வாயிலாகவும் ஆகிவிட்டது. இது அவர் வகுத்த திட்டத்தின் பிழையன்று. பட்டம் பெற்றவர்களுக்கு இங்கே தக்க பணிச்சூழலை அமைத்துத் தருவது பின்வந்த அரசுகளின் பொறுப்பாக இருந்தது.

1957-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின்னரும் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபடியே கழகத்தின் நலனில் கருத்துச் செலுத்தினார். சிம்லாவில் தம் குடும்பத்துக்கு உரியதும், காந்தியடிகள் தங்கியிருந்ததுமான மேனர்வில் இல்லத்தை, எய்ம்ஸ் செவிலியரும் ஊழியரும் விடுமுறையில் தங்கி இளைப்பாறுவதற்கென வழங்கினார். 1964 பிப்ரவரி 6-ஆம் தேதி தில்லியில் காலமானார்.