ஜனாதிபதி கையால் சாப்பிட்ட நாய்

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் காலைப் பலகாரம் தட்டில் வரும். அந்தத் தட்டில் தினமும் ஓர் எலும்பும் இருக்கும். அது ஜனாதிபதிக்கு அல்ல. அவருடைய செல்ல நாய்க்கு!

அந்த நாயின் பெயர் ஃபாலா. கன்னங்கரேல் என்று இருக்கும். குட்டைக் கால், நிமிர்ந்த காது, தாடி வைத்தது போன்ற முகம். "ஸ்காட்டிஷ் டெரியர்" என்ற ஜாதியைச் சேர்ந்தது.

நடக்க முடியாத தலைவர்

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பிறந்தார். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹைட் பார்க் அவருடைய சொந்த ஊர். பணக்காரக் குடும்பம். சட்டம் படித்து, அரசியலில் புகுந்தார்.

1921-ம் ஆண்டு, 39 வயதில், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இரண்டு கால்களும் செயல் இழந்தன. இனி அரசியல் இல்லை என்றே பலர் நினைத்தார்கள்.

ரூஸ்வெல்ட் மனம் தளரவில்லை. கால்களில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார். வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தார். 1928-ல் நியூயார்க் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1933-ல் ஜனாதிபதி பதவி ஏற்றார். நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமெரிக்க வரலாற்றில் அவர் ஒருவரே.

குட்டி வந்தது

1940-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஃபாலா பிறந்தது. ரூஸ்வெல்ட்டின் தூரத்து உறவினரான மார்கரெட் சக்லி அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்பே உட்காரவும், உருளவும், குதிக்கவும் பழக்கி இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் குட்டி வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது.

வளைக்குள் புகுந்து நரியை விரட்டுவதற்காக ஸ்காட்லாந்து மக்கள் வளர்த்த ஜாதி இது. எடை சுமார் 10 கிலோதான். ஆனால் துடிப்பு அதிகம். சும்மா இருக்காது, மண்ணைத் தோண்டும், எதையும் துரத்தும். இதற்குத் தினமும் நடை வேண்டும். மேல்முடி முரடு, அடிமுடி மெத்து. வாரி விடாவிட்டால் சிக்குப் பிடிக்கும்.

வயிறு கெட்டது

வெள்ளை மாளிகைக்கு வந்த சில வாரங்களிலேயே ஃபாலாவுக்கு நோய் கண்டது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். காரணம் என்ன?

குட்டி சமையல் அறைக்கு வழி கண்டுபிடித்து விட்டது! அங்கே போனால் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். எல்லோருக்கும் அதன் மீது அன்பு. அந்த அன்புதான் வயிற்றைக் கெடுத்தது.

ரூஸ்வெல்ட் உடனே உத்தரவு போட்டார். இனி ஃபாலாவுக்குத் தன்னைத் தவிர யாரும் தீனி கொடுக்கக் கூடாது!

அது யுத்த காலம். ஜனாதிபதிக்கு மூச்சு விட நேரம் இல்லை. ஆனாலும், மாலையில் ஃபாலாவின் சாப்பாடு அவருடைய அறைக்கு வரும். அவரே அதற்குக் கொடுப்பார். இரவில் அவருடைய கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலியில் அது தூங்கும்.

நாயை நடத்திக்கொண்டு போக அவரால் முடியாது. அதை மற்றவர்கள் செய்தார்கள். தன்னால் முடிந்ததை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

காட்டிக் கொடுத்த நாய்

1941 ஆகஸ்டில் இங்கிலாந்து பிரதமர் சர்ச்சிலைக் கப்பலில் சந்தித்துப் பேச ரூஸ்வெல்ட் போனார். ஃபாலாவும் கூடப் போயிற்று.

யுத்த காலத்தில் ஜனாதிபதியின் ரெயில் பயணம் பரம ரகசியம். ஆனால் ரெயில் நின்றதும் ஃபாலாவைக் கீழே இறக்கி நடக்க விட வேண்டும். நாயைப் பார்த்த ஜனங்கள், ரெயிலுக்குள் இருப்பது யார் என்று புரிந்துகொள்வார்கள்! அதனால் காவலர்கள் ஃபாலாவுக்கு உளவாளி என்று கேலிப் பெயர் வைத்தார்கள்.

1944 தேர்தலில் எதிர்க்கட்சியினர் ஒரு புகாரைக் கிளப்பினார்கள். அலூஷியன் தீவில் மறந்து விட்டுவந்த ஃபாலாவைக் கூட்டிவர ஒரு போர்க் கப்பலை அனுப்பி, மக்கள் வரிப் பணத்தை ரூஸ்வெல்ட் வீணாக்கினார் என்றார்கள். அது பொய்.

செப்டம்பர் 23-ந் தேதி ரூஸ்வெல்ட் ஒரு விருந்தில் பேசினார். தன்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வதாகவும், இந்தக் கதையைக் கேட்டு ஃபாலாதான் கோபத்தில் இருப்பதாகவும் சொன்னார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. வானொலியில் நாடே கேட்டது. அந்தத் தேர்தலிலும் ரூஸ்வெல்ட் ஜெயித்தார்.

காத்திருந்த நாய்

1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, வாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து மரணம் அடைந்தார். அவருக்கு வயது 63. அப்போது ஃபாலாவும் அந்த ஊரில்தான் இருந்தது.

பிறகு அது ரூஸ்வெல்ட்டின் மனைவி எலியனோரிடம் வளர்ந்தது. அவர் அதை அன்பாகக் கவனித்தார். ஆனாலும் ஃபாலா பழைய எஜமானரை மறக்கவில்லை. ஒரு நாள் தளபதி ஐசனோவர் சமாதிக்கு மலர் வளையம் வைக்க வந்தார். அவருடன் வந்த வண்டிகளின் சங்கு ஒலித்தது. உடனே ஃபாலா காதை நிமிர்த்தி எழுந்து நின்றது. எஜமானர் வருகிறார் என்று அது எண்ணியதாக எலியனோர் எழுதி இருக்கிறார்.

1952-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி ஃபாலா இறந்தது. இன்னும் 2 நாள் இருந்திருந்தால் 12 வயது நிறைந்திருக்கும். ஹைட் பார்க்கில், ரூஸ்வெல்ட் சமாதி உள்ள ரோஜாத் தோட்டத்திலேயே அதையும் அடக்கம் செய்தார்கள்.

1997-ல் வாஷிங்டன் நகரில் ரூஸ்வெல்ட்டுக்கு நினைவிடம் திறந்தார்கள். அங்கே அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஃபாலாவின் சிலை, இன்னும் எஜமானரின் கையை எதிர்பார்ப்பது போல!